நின்ற பிறகு வந்த தூரம்

நாலு வருடங்களுக்கு முன் நின்றுபோனது, 1998 மார்ச்சில் ஒரு காலை திரும்பி வந்தது.

நாகலெட்சுமி பயப்படவில்லை. சிரித்தாள்.

“என்னாங்க, நான் வீட்டுக்குத் தூரமாயிட்டேன்!”

பொன்னையா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். பெண்டாட்டிக்கு வயது ஐம்பத்திரண்டு. ஒரே மகள் மஞ்சட்காமாலையில் போய் இரண்டு வருடம்.

“நெசமாவா?”

“மிட்வைப் அம்மா சொன்னாங்கள்ல, சோயாவுல பொம்பள ஹோமோன் இருக்குன்னு? அதான் வேல செய்யுது. இன்னொரு புள்ள பொறக்குங்க!”

தேயிலைத் தோட்டத்துக் கூட்டத்தில் மிட்வைப் சொன்னது, ‘ஹோமோன் மாதிரி ஒன்று.’ அந்த ‘மாதிரி’ அவள் காதில் ஏறவில்லை. கூட்டம் முடிந்த நாளிலிருந்து தினமும் சோயாமீட் கறிதான்.

வழக்கப்படி மூன்று நாள் அடுப்படிப் பக்கம் போகாமல், லயத்து அறையின் முன் திண்ணையில், இஸ்தோப்பில் ஒதுங்கினாள். பொன்னையா சமைத்துத் தட்டைக் கொண்டுவந்து வைத்தான்.

அடுத்த காம்பராக் காளியாயி எட்டிப் பார்த்தாள். “என்னாடி, பல்லு விழுகிற வயசுல தொட்டி கட்டப் போறியா?”

“கட்டுவேன்டி. நீதான் வந்து ஆட்டணும்.”

ஏப்ரல், மே, ஜூன். மாதம் தவறவில்லை. ஜூலையில் வந்தது நிற்கவே இல்லை. பன்னிரண்டாம் நாள் கொழுந்து பறிக்கும்போது மலையில் மயங்கி விழுந்தாள்.

பெரியாஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டொக்டரம்மா ஸ்கேன் எடுத்தார். சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். மூன்று வாரம் கழித்து, முடிவு கேட்க நாகலெட்சுமி தனியாக பஸ் ஏறினாள்.

“எப்பங்க புள்ள தங்கும்?”

டொக்டர் நிமிர்ந்தார். “அம்மா, இது கருப்பையில புற்றுநோய். ஈரல் வரைக்கும் பரவிட்டுது.”

“இல்லீங்க. இது சோயாவால வந்த தூரங்க.”

“சோயாவில இருக்கிறது ஹோமோன் மாதிரி ஒண்டுதான் அம்மா. நிண்டதைத் திருப்பிக் கொண்டுவர அதால ஏலாது. உடம்புக் காந்தலைக் கொஞ்சம் குறைச்சாலே பெரிய காரியம். நிண்டு ஒரு வருசத்துக்குப் பிறகு ஒரு துளி கண்டாலும் உடன வந்திருக்கோணும்.”

“மார்ச்சுலயே வந்திருந்தா?”

டொக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீடு திரும்பியபோது, ஜூலையிலிருந்து அவள் ஒதுங்கியே இருந்த இஸ்தோப்பில் தட்டு தயாராக இருந்தது. ஆவி பறக்கும் சோயாக் கறி.

“புள்ளயப் பத்தி என்னா சொன்னாங்க?” பொன்னையாவின் முகமெல்லாம் எதிர்பார்ப்பு.

ஒரு கவளத்தை வாயில் போட்டாள்.

“நீ எப்ப உள்ள வருவ? தனியாப் படுத்தா எனக்குத் தூக்கமே வரல.”

“இந்தத் தடவ தூரம் ரொம்பங்க.”

“அப்ப இன்னுங் கொஞ்சம் சாப்புடு.”

சட்டியை வழித்து, மிச்சத்தையும் அவள் தட்டில் போட்டான்.