மதுமதிக்குப் பொறுப்பு வந்துவிட்டது

1

இந்தக் கதை ஒரு கட்டுரை நோட்டிலிருந்து வந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

திருப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். மார்ச் மாதத்தில் ‘என்னால் மறக்க முடியாத நாள்’ என்று தலைப்புக் கொடுத்தேன். மதுமதி (பெயரை மாற்றியிருக்கிறேன், மற்றவர்களுடையதையும்) ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதியிருந்தாள். காலையில் இட்லி. பிறகு தம்பியோடு கேரம். மத்தியானம் அப்பாவின் பட்டறையில் கொஞ்ச நேரம். ‘மணி நாலு நாப்பது. அதுக்கு அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை’ என்று முடித்திருந்தாள்.

‘நாப்பது’ என்பதை ‘நாற்பது’ என்று திருத்தினேன். பத்துக்கு ஏழு போட்டேன். ஓரத்தில், ‘முடிவு இன்னும் சுவையாக இருக்கலாம்’ என்று எழுதினேன்.

2

பாய்லரின் ஹோஸ் வெடித்த சத்தம் அந்தத் தெருவையே—

இப்படித்தான் முதலில் தொடங்கினேன். அடித்துவிட்டேன். அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை. தவிர, அதைக் கேட்டதும் நீங்கள் வெந்துபோன பிள்ளையைப் பார்க்க ஓடுவீர்கள். எல்லோரும் அப்படித்தான் ஓடினார்கள். பக்கத்தில் நின்றவளை யாரும் பார்க்கவில்லை.

அதனால் சாதாரணமாகவே சொல்கிறேன். மதுமதியின் அப்பா வேல்குமார், வீட்டின் முன்பகுதியில் நாலு தையல் மிஷினும் ஒரு அயர்ன் டேபிளும் போட்டு, கம்பெனிகளிலிருந்து பனியன் வாங்கி முடித்துக் கொடுப்பவர். அயர்ன் பெட்டிக்கு நீராவி தர ஒரு சின்ன கரண்ட் பாய்லர் உண்டு. ஜனவரியில் ஒரு ஞாயிறு சாயங்காலம் அதன் ஹோஸ் வெடித்தது. ஆறு வயது ரித்தீஷின் வலது காலில், தொடையிலிருந்து கணுக்கால் வரை நீராவி அடித்தது. நாற்பது நாள் ஆஸ்பத்திரி, தோல் எடுத்து ஒட்டும் ஆபரேஷன். இப்போது நடக்கிறான், லேசாகச் சாய்ந்து.

மூன்றடி தள்ளி நின்ற மதுமதியின் மேல் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா சித்ராதேவி, “பெரியவளுக்கு ஒண்ணும் ஆகலீங்க, முருகன் காப்பாத்திட்டான்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

3

சித்ராதேவி ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்ப்பவள். துணியில் கடுகளவு ஓட்டை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. (இந்த வாக்கியம் சுலபமாக வந்தது; அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. அவளைக் குத்திக்காட்ட எழுதினேனோ என்னவோ. இருக்கட்டும், அது உண்மைதான்.)

ரித்தீஷ் வீட்டுக்கு வந்த பிறகு, மகளுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அவள் சந்தோஷப்பட்டாள். மதுமதி கேஸ் சிலிண்டரை மூடியாயிற்றா என்று தானாகவே போய்ப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் கிளம்பினாள். தம்பி தூங்கினால் மூக்கருகில் விரல் வைத்துப் பார்த்தாள். சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். என் பங்குக்கு நானும் அவளை வகுப்பு லீடர் ஆக்கினேன்.

வேறு சிலதும் நடந்தன. குக்கர் விசில் அடிக்கும் முன்பே மதுமதி வாசலுக்குப் போய்விடுவாள். காலையில் வயிறு வலிக்கும், மத்தியானம் சரியாகிவிடும். கணக்கில் தொண்ணூறு எடுப்பவள் நாற்பதுக்கு வந்தாள். ஒருநாள் அக்காவும் தம்பியும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். தலையணைதான் பாய்லர். மதுமதி “புஸ்” என்பாள், உடனே பாய்ந்து தம்பியை இழுத்துத் தள்ளுவாள். மறுபடி “புஸ்”, மறுபடி இழுப்பு. சித்ராதேவி சிரித்துக்கொண்டே வெங்காயம் அரிந்தாள். ஆறோ ஏழோ தடவை ஆன பிறகு நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளைகள் இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பில்லை. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். ஆனால் என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

4

ஏப்ரலில், என் வகுப்பின்போது, வெளியே ஒரு பஸ் நின்றது. ஏர் பிரேக் ‘புஸ்’ என்றது. மதுமதி எழுந்து வெளியே போனாள். பாத்ரூமுக்கு என்று நினைத்தேன். பத்து நிமிடம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் செருப்பில்லாமல் மெயின் ரோட்டைக் குறுக்கே கடந்து, ரித்தீஷ் படிக்கும் பள்ளிக்கூடம் வரை ஓடியிருக்கிறாள். ஒன்றரை கிலோமீட்டர். ஒரு லாரிக்காரர் பிரேக் அடித்துத் திட்டியதாகப் பிறகு சொன்னார்கள்.

கம்பெனிக்குப் போன் போனது. சித்ராதேவி ஆட்டோ பிடித்து வந்தாள். வழியெல்லாம், எந்த மூலையில் கூட்டம் தெரிந்தாலும் அது தன் பிள்ளையைச் சுற்றி நிற்கும் கூட்டம் என்றே அவளுக்குப் பட்டது. மகள் அந்தப் பள்ளிக்கூடத்துக் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்களைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

“எதுக்குச் சாமி இங்க ஓடியாந்தே?”

“தம்பி இருக்கானான்னு பாக்கோணும்.”

“அவன் உள்ள படிச்சுட்டு இருக்கான் கண்ணு.”

“அப்பா ஆஃப் பண்ணச் சொன்னாருங்கம்மா. போன் பேசப் போறேன், பாய்லரை ஆஃப் பண்ணீருன்னு சொன்னாரு. நான் கேரம் காயின் எடுத்துட்டு இருந்தேன். அப்புறம் பண்ணிக்கலாம்னு உட்டுட்டேன்.”

மூன்று மாதத்தில் ஒருத்தரும் அவளிடம் கேட்காத கேள்விக்கு அதுதான் பதில். சித்ராதேவி அந்த வெயிலில், ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

5

அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கான மனநல ஆலோசகரிடம் போனார்கள். அந்த அம்மா நிதானமாகச் சொன்னதன் சுருக்கம்: அடிபட்ட பிள்ளைக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளைக்கும் இது வரும். உடம்பு இன்னும் அந்த நாலு நாற்பதிலேயே நிற்கிறது. பிள்ளைகள் காரணம் தெரியாத இடத்தில் தங்களைக் காரணமாக வைத்துக்கொள்வார்கள். வற்புறுத்திச் சொல்ல வைக்க வேண்டாம், சொன்னால் தடுக்கவும் வேண்டாம். செவ்வாய்தோறும் வாருங்கள். குணமாகும், நாளாகும்.

வேல்குமார் வெளியே வந்து வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் நின்றார். பிறகு மனைவியிடம் சொன்னார்: அந்த ஹோஸ் ஒரு வாரமாகவே வெடிப்பு விட்டிருந்தது. டேப் சுற்றி வைத்திருந்தார். ஆர்டர் போகட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தார்.

“என்கிட்டச் சொல்ல வேண்டாம். அவகிட்டச் சொல்லுங்க” என்றாள் சித்ராதேவி.

(இந்த இடத்தில் வேல்குமாரைக் கெட்டவராக்கிவிடலாம் என்று பேனா துடித்தது. முந்தைய பிரதியில் அவருக்குக் குடிப்பழக்கம்கூடக் கொடுத்திருந்தேன். அவர் குடிப்பதில்லை. ஆஸ்பத்திரியில் நாற்பது நாளும் பிள்ளையின் காலுக்கு விசிறிக்கொண்டிருந்தவர்.)

6

அப்பா பேசினார். ஒரு சனிக்கிழமை மத்தியானம், மிஷின்கள் நின்ற பிறகு, மகளை எதிரே உட்காரவைத்து ஹோஸைப் பற்றியும் டேப்பைப் பற்றியும் சொன்னார். தப்பு என்னுதுதான் சாமி, என்றார்.

மதுமதி யோசித்தாள். “நான் ஆஃப் பண்ணியிருந்தா தம்பிக்கு ஒண்ணும் ஆயிருக்காதுங்களாப்பா?”

இதற்கு நான் எழுதிப் பார்த்த பதில்கள்: ‘ஆயிருக்காது’ என்று அவர் சொல்வது. அது உண்மையாகவே இருந்தாலும் சொல்லக் கூடாதது. ‘ஆயிருக்கும்’ என்பது. அன்பான பொய், ஆனால் சுவிட்சுகளை இத்தனை முறை தொட்டுப் பார்ப்பவள் அதையும் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாள். மூன்றாவது, பேசாமல் கட்டிக்கொண்டு அழுவது. பேசாமல் இருந்ததால்தானே இவ்வளவும்.

பாய்லர் மெக்கானிக் தங்கவேலுவைத் தேடிப் போய் நானே கேட்டேன். சொன்ன உடனே ஆஃப் செய்திருந்தால், வெடிப்பதற்குள் இருந்த பத்து நிமிடத்தில் பிரஷர் எவ்வளவு இறங்கியிருக்கும்? “சொல்ல முடியாதுங்க டீச்சர்” என்றார்.

வேல்குமார் உண்மையில் சொன்னது இதுதான்: “தெரியலை சாமி. ஆனா நான் ஹோஸை மாத்தியிருந்தா ஆயிருக்காது. அது எனக்குத் தெரியும்.”

அவள் “செரிங்கப்பா” என்று மட்டும் சொன்னாளாம்.

7

அன்றிரவிலிருந்து மதுமதி நிம்மதியாக—

இல்லை. அப்படி எழுத முடியாது. செவ்வாய்க்கிழமைகள் போய்க்கொண்டிருக்கின்றன. வயிற்று வலி குறைந்திருக்கிறது. கேஸைப் பார்ப்பது குறையவில்லை.

இன்றைக்கு ரித்தீஷ் இரண்டு தெரு தள்ளி ஒரு நண்பனின் பிறந்தநாளுக்குப் போயிருக்கிறான். விபத்துக்குப் பிறகு, பள்ளிக்கூடம் தவிர, அக்கா இல்லாமல் அவன் வெளியே போவது இதுதான் முதல்முறை. ஐந்தரைக்கு அவனைக் கொண்டுவந்து விடுவார்கள். இப்போது மணி ஐந்து பத்து. மதுமதி வாசற்படியில் வீட்டுப்பாட நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு காலில் மட்டும் செருப்பு மாட்டியிருக்கிறாள். உள்ளே சித்ராதேவி, போ என்றும் சொல்லாமல் இரு என்றும் சொல்லாமல், ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

இந்தக் கதையிலிருந்து நான் இங்கே எழுந்துகொள்கிறேன். ஒரு முறை அவளிடம் முடிவு கேட்டவள் நான், இன்னொரு முறை கேட்க மாட்டேன். இருபது நிமிடம் இருக்கிறது. உங்களுக்கு நேரமிருந்தால் அந்தப் படியில் அவளுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம். தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.