மூன்று வீட்டுத் தட்டுகள்

நான் மைதா வாங்குவதைப் பார்த்ததும் மெர்சியின் முகம் ஒரு மாதிரி ஆனது. அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் நாங்கள் இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து வீடு. என் கிறிஸ்துமஸ் கல்கல் அவளுடையதைவிட நன்றாக வரும் என்பது அவளுக்கும் தெரியும், அவள் புருஷன் டென்சிலுக்கும் தெரியும். வேண்டுமென்றே கடைக்காரரிடம் இன்னும் அரைக் கிலோ சேர்த்துப் போடச் சொன்னேன்.

"இவ்ளோ எதுக்கு ரோஸி? இந்த வருசம் ஒண்ணும் பண்ணாம சும்மா இரேன்," என்றாள்.

"சும்மா இருந்துட்டு, உதயா வந்து கேட்டா உன் வீட்டுக்கு அனுப்பட்டா?"

கொத்தமல்லி வாங்க வந்தவள் அதையும் மறந்து வெறுங்கையோடு போய்விட்டாள்.

உதயா என் மகன். இருபத்தாறு வயது. மார்ச் பதினொன்றாம் தேதி வீட்டைவிட்டுப் போனான். பீன்யாவில் நல்ல கம்பெனியில் இருந்த வேலையை எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டு, ஒரு மாதமாகத் தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போய் எங்கேயோ உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறான். அது தெரிந்த அன்று நான் பேசிய பேச்சை எல்லாம் இங்கே எழுத மாட்டேன். எனக்கு வாய் ஜாஸ்தி. கடைசியாக "போய்த் தொலை" என்றேன். எந்த அம்மா சொல்லவில்லை? காலையில் சொல்லிவிட்டு மத்தியானம் சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு கூப்பிடுவோம். அவன் மத்தியானம் வரைக்கும் இருக்கவில்லை.

சாயங்காலமே போன் அணைந்துவிட்டது. போலீஸில் எழுதிக் கொடுத்தோம். கோலார் தங்கவயலில் என் வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் வீடு ஒவ்வொன்றாகப் போய்க் கேட்டோம். மே மாதம் நான் வேளாங்கண்ணிக்குப் போய் முழங்காலில் நடந்துவிட்டு வந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். அவனுக்குக் கோபம் ஒன்பது மாதத்துக்கு மேல் தாங்காது, அவ்வளவு ரோஷக்காரன் இல்லை.

கல்கல் ஒருத்தர் செய்கிற பலகாரம் இல்லை. மைதாவில் வெண்ணெயும் முட்டையும் தேங்காய்ப்பாலும் ஊற்றிப் பிசைந்து, கோலிக்குண்டு அளவு கிள்ளி, ஒவ்வொன்றையும் முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்டினால் சின்னச் சங்கு மாதிரி வரும். அதை எண்ணெயில் பொரித்துச் சர்க்கரைப் பாகில் புரட்ட வேண்டும். இரண்டு கிலோ மாவுக்கு வீட்டில் இருக்கிற எல்லாரும் உட்கார்ந்தால்தான் முடியும். உதயா முள்கரண்டியைத் தொட மாட்டான். ஒரு சிவப்புச் சீப்பு வைத்திருந்தான், தலையில் படாத சீப்பு, கல்கலுக்கென்றே ஏழு வயதில் வாங்கியது. அதன் பல்லில் சுருட்டினால் கோடு நெருக்கமாக விழும். தட்டில் கொட்டினாலும் எது அவன் செய்தது என்று தனியாகத் தெரியும். டிசம்பர் பிறந்ததும் அந்தச் சீப்பைத் தேடி எடுத்து வெந்நீரில் கழுவி வைத்தேன்.

நட்சத்திரமும் அவன் வேலைதான். மூங்கில் குச்சி கட்டிக் கலர் காகிதம் ஒட்டி, உள்ளே பல்ப் போட்டு வாசலில் தொங்கவிடுவான். இந்த வருஷம் நானே விளக்குமாற்றுக் குச்சியை வைத்துக் கட்டினேன். ஒரு கால் குட்டையாகிவிட்டது, காகிதம் இரண்டு இடத்தில் கிழிந்து ஒட்டுப்போட்டேன். வந்து பார்த்தால் சிரிப்பான், சிரிக்கட்டும் என்று இருந்தேன். அதை மாட்டச் சொல்லி என் வீட்டுக்காரர் ஜெயவேலுவிடம் மூன்று வாரமாகக் கத்திக்கொண்டிருந்தேன். வயர் இல்லை என்றார். வயர் வாங்கி வந்தேன். ஏணி இல்லை என்றார். ஏணி வாங்கி வந்தால் இடுப்பு வலி என்றார். சோம்பேறி என்று திட்டினேன், கேட்டுக்கொண்டு சும்மா நின்றார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஜனங்களில், சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகைக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். நட்சத்திரமும் மாட்ட மாட்டார்கள். அக்கம்பக்கத்தில்தான் பலகாரம் செய்து கொண்டுபோய்க் கொடுப்பார்கள். வேதக்காரர், இந்து, பௌத்தர் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். மற்றபடி யாராவது தட்டில் பலகாரம் கொடுத்தால் அந்தத் தட்டைக் காலியாகத் திருப்பித் தரக்கூடாது, ஒரு பிடி சர்க்கரையாவது வைத்துத் தர வேண்டும். சாவு வீட்டுக்கு வந்த தட்டு மட்டும் காலியாகத் திரும்பிப் போகும்.

மைதா வாங்கிய மறுநாள் இருபத்திரண்டாம் தேதி, காலை பத்து மணிக்கு மாவைப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடினேன். பதினொன்றுக்கு மெர்சி வந்தாள். எவர்சில்வர் தட்டு நிறைய கல்கலும் அச்சுமுறுக்கும், மேலே வெள்ளைத் துணி.

"இன்னாடி இது, இன்னும் மூணு நாள் கீதே?"

"செஞ்சேன், கொண்டாந்தேன்," என்றாள். மேஜையில் இருந்த மாவைப் பார்த்தாள். "நீ செய்யாத ரோஸி. இது போதும் உனக்கு."

"உன் கல்கல் பல்லு ஒடியும்," என்றேன். வழக்கமாக இதற்கு ஒரு மணி நேரம் சண்டை போடுவாள். என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டுப் போய்விட்டாள்.

அரை மணியில் மாடியிலிருந்து சங்கமித்ரா இறங்கி வந்தாள். அவளும் தங்கவயல்காரிதான், பௌத்தக் குடும்பம், கிறிஸ்துமஸ் கிடையாது. கையில் தட்டு நிறைய சோமாஸ்.

"இன்னா விசேஷம்?" என்றேன்.

"சும்மாதான்க்கா." தட்டை வைத்துவிட்டு வாசல் வரை போனவள் திரும்பாமலே சொன்னாள்: "தட்டுக்கு ஒண்ணும் அவசரமில்லக்கா."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. என்னைவிட நன்றாகச் செய்துவிட்டோம் என்று காட்ட வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். மூன்றாவதாக எதிர்வீட்டு ஜெயலட்சுமி வந்தாள். அவள் இருபது கிறிஸ்துமஸாக என் கல்கலை டப்பாவில் வாங்கித் தின்கிறவள். தீபாவளிக்கு அவள் கொடுப்பாள், கிறிஸ்துமஸுக்கு நான் கொடுப்பேன், அதுதான் கணக்கு. அவள் கையில் அதிரசம் சூடாக இருந்தது.

"உள்ள வா ஜெயா."

"இல்லக்கா, சொல்ப வேலை இருக்கு." உள்ளே வராமல் வாசற்படிக்கு வெளியே நின்றபடியே தட்டை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். போய் வருகிறேன் என்று சொல்லாமல் இறங்கிப் போனாள்.

சாவு வீட்டில்தான் போய் வருகிறேன் என்று சொல்லக்கூடாது.

தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞாபகத்துக்கு வந்தது. ஓவர்டைம் என்று காலையிலேயே போன ஜெயவேலு, டென்சிலோடு சாயங்காலம் திரும்பி வந்தார். வந்தவர் வீட்டுக்குள் நுழையாமல் பின்பக்கம் போய், போட்ட சட்டையோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். துணியைத் தானே துவைத்துக் காயப்போட்டார். கல்யாணமாகி ஒரு கர்ச்சீப்பைத் துவைத்தவரில்லை. "பட்டறையில கிரீஸ் கொட்டிடுச்சி," என்றார். மாப்பிள்ளை மாதிரி உடுத்திக்கொண்டு வேலைக்குப் போனால் கொட்டத்தான் செய்யும் என்று நான் கேலி செய்தேன். அந்தச் சட்டையில் கிரீஸ் கறையே இல்லை என்று இப்போது தோன்றியது.

அவர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டிவி ஓடிக்கொண்டிருந்தது, அவர் அதைப் பார்க்கவில்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். அதிரசத் தட்டை மற்ற இரண்டின் பக்கத்தில் வைத்தேன். சிவப்புச் சீப்பை எடுத்து உட்கார்ந்து மாவைக் கிள்ளிச் சுருட்ட ஆரம்பித்தேன். எனக்குச் சீப்பு வராது. கோடு கோணலாக விழுந்தது, பாதி பிய்ந்தது. முப்பது நாற்பது சுருட்டியிருப்பேன். பிறகு எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்து, இரும்புச் சட்டியை ஏற்றி, எண்ணெய் ஊற்றினேன்.

"இங்க வாங்க," என்றேன்.

வந்தார். சமையலறை நிலைப்படியில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

எண்ணெய் காய்ந்து சட்டி ஓரத்தில் அசைய ஆரம்பித்தது. நான் சுருட்டியதில் ஒன்றை விரலில் எடுத்தேன். கடவுளே, இந்த மனுஷன் சும்மா நிற்கட்டும், இல்லை ரொம்ப எண்ணெய் ஊற்றிவிட்டாய் என்று திட்டட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வேளாங்கண்ணியில்கூட அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

"எண்ணெ காஞ்சிடுச்சி. போடட்டா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் வந்தார். கையை நீட்டி அடுப்பை அணைத்தார்.

விரலில் இருந்ததைச் சுருட்டி வைத்த மற்றவற்றோடு திரும்ப வைத்தேன்.

"எப்போ?" என்றேன்.

"மார்ச் பதிமூணாம் தேதியாம். ரயில் பாதை ஓரம். யாருன்னு தெரியாம போலீஸ்காரங்களே பொதச்சிட்டாங்க. நவம்பர்லதான் போட்டோ காட்டுனாங்க. வாட்ச்சும் குடுத்தாங்க." அணைத்த அடுப்பின் திருகை இன்னொரு தடவை திருகினார். "பண்டிக தாண்டட்டும்னு இருந்தேன் ரோஸி. நீ மாவு வாங்குவேன்னு நெனைக்கல."

பதிமூன்று. நான் போய்த் தொலை என்று சொல்லி இரண்டு நாள். நான் வேளாங்கண்ணியில் முழங்காலில் நடந்தபோது அவன் மண்ணுக்குள் இரண்டு மாதமாகக் கிடந்திருக்கிறான். தினமும் ராத்திரி அவனுக்கென்று ஒரு கை சோறு வைத்துவிட்டுத்தான் படுத்தேன், காலையில் அதை எடுத்துத் தண்ணீர் ஊற்றி நானே தின்றேன். என் பிள்ளைக்கு இருந்தது ஆறித் திரும்பி வருகிற கோபம்கூட இல்லை. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஜெயவேலுவை அடித்தேன் என்று நினைக்கிறேன். அவர் சட்டைப் பொத்தான் ஒன்று மறுநாள் அடுப்புக்கடியில் கிடைத்தது. அவர் தடுக்கவில்லை. ஒன்றரை மாதம் இதைத் தனியாக வைத்துக்கொண்டு, நான் சோம்பேறி என்றபோதெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றவர். அதற்காக இரங்க அன்று எனக்குத் தெம்பில்லை, இன்றும் இல்லை.

சாயங்காலம் மாவைக் குப்பையில் கொட்டினேன். கோணல் நட்சத்திரத்தை மடக்க முடியவில்லை, பரணில் அப்படியே போட்டேன். சீப்பை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் இடுப்பில் செருகிக்கொண்டேன். மூன்று வீட்டுப் பலகாரத்தையும் ஒரே டப்பாவில் கொட்டிவிட்டு, தட்டுகளைக் கழுவித் துடைத்தேன். பழக்கத்தில் கை சர்க்கரை டப்பாவைத் திறந்துவிட்டது. ஸ்பூன்கூட எடுத்துவிட்டேன். திரும்ப மூடி வைத்தேன்.

முதலில் மெர்சி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் என் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் வீட்டுத் தட்டை நான் காலியாகக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நான் போய் வருகிறேன் என்று சொல்லாமல் திரும்பினேன்.