அதீஃப் கேட்ட கணக்கு

பதில் புள்ளி பிசகாமல் சரி. கேள்விதான் வேறு!

ரஷீதா வினாத்தாளை மறுபடி படித்தாள். பைக்குள் எட்டுப் பந்துகள் என்றுதான் இருந்தது. அதீஃப் பன்னிரண்டு பந்துகளுக்குக் கணக்குப் போட்டிருந்தான். மற்ற நான்கும் எங்கிருந்து வந்தன?

"காப்பி அடிச்சிட்டானா?" என்றாள் அவன் உம்மா சாயிரா பானு. சிங்கப்பூர் தேக்காவில், பூக்கடை மாடியிலிருந்த டியூஷன் அறைக்கு மகனை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"இல்ல ராத்தா. காப்பின்னா பக்கத்துப் பையன் பதில்தானே வரும்?"

ரஷீதா அவன் பையிலிருந்து பழைய வினாத்தாள் தொகுப்பை உருவினாள். ஓரமெல்லாம் கறுத்துக் கிடந்தது. புரட்டினாள். அதே கேள்வி. பன்னிரண்டு பந்துகள்!

"முதல் வரியைப் பார்த்ததும் கை ஓட ஆரம்பிச்சிருச்சு டீச்சர்," அதீஃப் முனகினான். "மிச்சத்தைப் படிக்கவே இல்ல."

"இது ஸ்கூல் டெஸ்ட், போச்சு. நவம்பர்ல ஏ லெவல் பரீட்சைலயும் கை இப்படியே ஓடினா? என்ஜினியரிங் சீட்டு அவ்வளவுதான் லா!"

சாயிரா பானு சொன்னது மிகையில்லை. இவனுக்குப் பாடம் தெரியும். தெரிந்ததுதான் ஆபத்து.

ரஷீதா தொகுப்பை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "இன்னிக்கு நீ கணக்குப் போட வேணாம். என்கிட்ட ஒரு கணக்குக் கேளு. இதுல இல்லாதது."

"ஒரு கூடைல பத்து ஆப்பிள்..."

"பந்தை ஆப்பிளாக்கிட்டே. அடுத்தது."

"ஒரு பெட்டில..."

"என்னடா, ஆரஞ்சா?" உம்மா குத்தினாள்.

அதீஃப் முகம் சிவந்து ஜன்னலுக்குப் போனான். கீழே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். விடுதிக்குத் திரும்பும் தொழிலாளர்கள் வரிசை கட்டி, நின்ற பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவன் பார்த்துக்கொண்டே நின்றான். உம்மாவின் பொறுமை போய்விட்டது. "வேடிக்கையா பாக்குற?"

"உஷ்!" என்றாள் ரஷீதா.

அவன் திரும்பினான்.

"தனியா வர்றவங்க எல்லாம் காலியான ரெண்டு பேர் சீட்டா பாத்து ஜன்னலோரம் உட்கார்றாங்க டீச்சர். ரெண்டு பேரா வந்தா ஒரு சீட்டை முழுசா எடுத்துக்கறாங்க. யார் முன்னாடி ஏறுவாங்கன்னு சொல்ல முடியாது. கடைசியா ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் ஏறினா, சேர்ந்து உட்கார வாய்ப்பு எவ்வளவு?"

ரஷீதா பேனாவை எடுத்தாள். வெள்ளைப் பலகையில் மளமளவென்று எழுதினாள். பாதிப் பலகை நிறைந்தது.

"டீச்சர், நில்லுங்க."

"என்ன?"

"நீங்க அந்த ரெண்டு பேரை வரிசைல எங்க வேணும்னாலும் நிக்க விட்டுட்டீங்க. கடைசின்னு சொன்னேன். கேள்வியை மறுபடி கேளுங்க."

ரஷீதாவின் கை அந்தரத்தில் நின்றது. தப்பு! அவளுக்குப் பழகிய வகைக் கணக்கு என்று நினைத்து, அவள் கையும் ஓடியிருக்கிறது. அதைப் பிடித்தவன் யார்? முதல் வரிக்கு மேல் படிக்காதவன்!

எழுதியதை அவள் அழித்தாள்.

"சரி, பதில் என்னடா?" உம்மா கேட்டாள்.

"தெரியாது உம்மா."

முன்பெல்லாம் இந்த வார்த்தையைச் சொல்லும்போது அவன் தரையைப் பார்ப்பான். இப்போது பலகையைப் பார்த்தான், பசித்தவன் சோற்றைப் பார்ப்பதுபோல.

சாயிரா பானு மகனை ஏற இறங்கப் பார்த்தாள். தான் பெற்றதுதானா என்ற திகைப்பு. வீட்டுக்குக் கிளம்ப எடுத்த கைப்பையைக் கீழே வைத்தாள். ஒரு நாற்காலியைப் பலகைக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"போடு. நவம்பர் வரட்டும், பாத்துக்கலாம்."

அதீஃப் ரஷீதாவிடம் கை நீட்டிப் பேனாவை வாங்கினான்.