காலரின் நெஞ்சளவு

தையல்காரருக்கு ஆட்களின் முகம் மறந்துபோகும், நெஞ்சளவு மறக்காது. டேப்பைக் கையில் எடுத்துவிட்டால் எப்பேர்ப்பட்ட தொந்தியும் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும் என்பதும் அவருக்கு அத்துப்படி. "மூச்சை இழுக்காதீங்க சார். அப்புறம் பட்டன் தெறிச்சா என்னைத் திட்டக் கூடாது" என்பார்.

அவருடைய நாய்க்குக் கழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம், அதனால் பெயர் காலர். குட்டியிலிருந்தே கட்டிங் மேசைக்கு அடியில்தான் வாசம். தண்டுவட நோய் வந்து பின்னங்கால்கள் விழுந்த பிறகு, அவர் ஒரு பட்டை தைத்து அதில் பொம்மை சைக்கிள் சக்கரங்களைப் பூட்டிவிட, அது கடைக்குள் உருண்டுகொண்டிருந்தது. வாடிக்கையாளரின் கால்விரலில் சக்கரத்தை ஏற்றிவிட்டு, ஒன்றுமே தெரியாத பிள்ளைபோல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கொழுப்புதான்.

"இந்த நோய் மெல்ல முன்பக்கமா ஏறும்" என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். "நெஞ்சுத் தசை தளர்ந்துட்டா மார்பு விரியாது, வயிறு மட்டும் ஏறி இறங்கும். குரைப்பும் சன்னமாயிடும். அப்படி ஆச்சுன்னா தள்ளிப்போடாதீங்க. மூச்சுக்குத் திண்டாட விடாம நிம்மதியா அனுப்பி வச்சிடலாம்."

"அனுப்பி வைப்பாராமே, பெரிசா!" என்று வீடு வரும்வரை பொருமினார் தையல்காரர். மறுநாளிலிருந்து தினமும் காலையில் காலரின் நெஞ்சை டேப்பால் அளந்தார். மார்பு ஜம்மென்று விரிந்தது.

"பாத்தியா! மாப்பிள்ளை கணக்கா நிமிருது!"

பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவி நூலைப் பல்லால் கடித்தாள். "கூரியர்காரரைப் பார்த்து இப்பல்லாம் இருமுற மாதிரில்ல குரைக்குது?"

"பழகின மனுஷன். மரியாதை குடுக்குது."

"தூங்கறப்ப வயிறுதாங்க ஆடுது."

"தின்ன தீனி அப்படி."

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். "ஏங்க, டேப்பைக் கண்டா வர்றவங்க எல்லாம் என்ன பண்றாங்க?"

"நெஞ்சை நிமித்துவாங்க. இதென்ன கேள்வி?"

"அந்தக் கூத்தை இத்தனை வருஷமா மேசைக்கடியில உக்காந்து யாரு பாத்துட்டிருக்கா?"

தையல்காரர் குனிந்து மேசைக்கடியில் பார்த்தார்.

மதியம் காலர் வெட்டுத்துணிக் குவியலில் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் பூனைநடை நடந்து போய் டேப்பைச் சுற்றிப் பிடித்தார். டேப் அசையவே இல்லை. வயிறு மட்டும் பாடுபட்டுக்கொண்டிருந்தது.

காலர் கண் விழித்தது. டேப்பைப் பார்த்ததும் முன்னங்கால்களை ஊன்றி, மிச்சமிருந்த தெம்பையெல்லாம் திரட்டி நெஞ்சை நிமிர்த்தியது. கள்ளப்பயல்!

"டாக்டருக்குப் போன் போடு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, தையல்காரர் டேப்பை உருவிச் சட்டைப்பையில் திணித்தார். பிறகு குனிந்து அதன் காதைத் தடவினார்.

"மூச்சை இழுக்காதடா, ராசா. சும்மா விடு. அளவு எடுத்தாச்சு."