இரண்டு கறுப்பு றப்பர்

இரண்டாவது பின்னலின் நுனியில் சுற்றும்போது றப்பர் அறுந்து தெறித்தது. சுவிஸின் வின்டர்தூர் நகரத் தகனசாலையின் கழுவும் தொட்டிக்குக் கீழே குனிந்து தேடிய சுகந்தியின் கையில் ஒரு சிறு துண்டுதான் அகப்பட்டது.

"அப்பப்பாட்டை இருக்கும், அம்மா," என்றாள் யதுஷா. சொன்ன பிறகுதான் அவர் இனி இல்லையென்பது அந்த ஒன்பது வயதுக்கு விளங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பின்னலை விரலால் பிடித்தபடியே மகளை மண்டபத்துக்குக் கூட்டிவந்தாள் சுகந்தி. பெட்டியில் சிவநேசன் படுத்திருந்தார். யதுஷாவின் அப்பப்பா, அவளுக்கு மாமனார். விவாகரத்து முடிந்து இரண்டு வருடமாகியும் அவள் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டாள்.

விவாகரத்தின்போது வீடு, பென்ஷன் காசு எல்லாம் பாதி பாதியாகப் பேசி முடித்திருந்தார்கள். பிள்ளை யாரோடு இருப்பது என்பதில்தான் வழக்கு நின்றது. பின்னேரங்களில் அலுவலகம் துப்புரவாக்கப் போகிற தாய் பிள்ளையைத் தனியே விடுகிறாள் என்று கணவன் பிரவீனனின் வக்கீல் எழுதினார். தன் பக்கம் பேசுவார் என்று நம்பித்தான் பிரவீனன் தகப்பனை நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போனான். அவரோ நீதிபதி கேட்டதும் சட்டைக் கையை மேலே இழுத்துக் காட்டினார். மணிக்கட்டில் இரண்டு கறுப்பு றப்பர்.

"காலமை தாய் பின்னி விடுவா. விளையாட்டிலை அவிண்டா நான் பின்னுவன். பிள்ளை ஒரு நாளும் தனிய இருக்கேல்லை. இனியும் நான் பாப்பன்."

மொழிபெயர்ப்பாளர் அதை ஜெர்மனில் சொல்லச் சற்று நேரம் எடுத்தது.

பிள்ளை சுகந்தியிடம் வந்தது. பிரவீனன் தகப்பனோடு கதைப்பதை விட்டான். அரை நாளோடு பள்ளிக்கூடம் விடும் புதன் மத்தியானங்களில் வாசலில் சிவநேசன் தவறாமல் நின்றார். போன புதனும் நின்றார். வெள்ளி மாரடைப்பு, ஞாயிறு ஆஸ்பத்திரியில் முடிவு.

இனி? அவர் பார்ப்பார் என்றல்லவா தீர்ப்பில் எழுதியிருக்கிறது. அவரே இல்லையென்றால் வக்கீலின் கடிதம் மறுபடி வருமே. மூன்று நாளாகச் சுகந்தி தபால் பெட்டியைத் திறக்கவேயில்லை.

வாய்க்கரிசி போடப் பெண்கள் எழுந்தார்கள். அவள் கடைசிக் கதிரையை விட்டு அசையவில்லை.

"இவள் இப்ப என்ன முறையிலை..." என்று சொந்தக்காரி ஒருத்தி இழுத்தாள்.

"மனுசன் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை நீ எந்த முறையிலை வராமல் இருந்தனி?" என்றாள் மாமியார் தில்லைநாயகி. "சுகந்தி, வா பிள்ளை."

சுகந்தி அரிசியைப் போட்டாள். தீர்ப்பு வந்தபோது ஒருமுறை நன்றி என்று மாமாவிடம் சொல்லத் தொடங்கியவள்தான். "அதுக்கென்ன, தேத்தண்ணியைப் போடு பிள்ளை," என்று எழுந்து போய்விட்டார். இன்று எழுந்து போகமாட்டார். குனிந்து, அவர் காதுக்குள் சொன்னாள்.

வெளியே வந்தபோது யதுஷாவின் பின்னல் பாதி அவிழ்ந்திருந்தது. சுகந்தி மறுபடி பின்னி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தகப்பனின் பொருட்களைப் போட்டு ஆஸ்பத்திரிக்காரர் கொடுத்த உறையோடு பிரவீனன் வந்தான். கண் சிவந்திருந்தது.

"புதன்கிழமை எத்தினை மணிக்குப் பள்ளிக்கூடம் விடும்?"

வக்கீலுக்கு எழுதவா கேட்கிறான்? "பன்னிரண்டுக்கு. ஏன் கேக்கிறியள்?"

அவன் உறையை உள்ளங்கையில் கவிழ்த்தான். கைக்கடிகாரம், மோதிரம், இரண்டு கறுப்பு றப்பர். மகளுக்கு முன்னால் முழந்தாளிட்டு, ஒன்றை எடுத்துப் பின்னல் நுனியில் மாட்டினான். சுகந்தி விரலை எடுத்தாள்.

"கனக்க இறுக்காதேங்கோ அப்பா. அப்பப்பா மூண்டு சுத்துத்தான் சுத்துவார்."

"ஓம். மூண்டு."

மூன்று சுற்றினான். மற்றதைத் தன் மணிக்கட்டில் ஏற்றி, கோட்டுக் கையை அதன்மேல் இழுத்துவிட்டான்.