யானை அழுத்திய கட்டிகள்

காலையில் அவள் சலவைக்கூடத்துக்குக் கிளம்பும்போது வாசற்படியில் பை தயாராக இருக்கும். உள்ளே காகிதமும் இலையும் சேர்த்து அழுத்திக் காயவைத்த எரிகட்டிகள். கையகல வட்டம், நடுவில் ஓட்டை. ஆரம்பத்தில் பைக்கு எட்டு இருந்தன. இப்போது நான்கு.

"பாய்லர்காரர்கிட்ட சொல்லு. ஓட்டை ஒண்ணுக்கு மேல ஒண்ணு நேரா இருக்கணும். அப்பதான் காத்து ஏறும்" என்றார் கணவர்.

"தினம் சொல்றீங்க. அந்த மனுஷனுக்கு மனப்பாடமே ஆயிருக்கும்."

"நேத்து நல்லா எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது. திகுதிகுன்னு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்தத் தலையாட்டலைப் பார்த்துவிட்டுத்தான் அவள் தெருவில் இறங்குவாள்.

சலவைக்கூடத்தில் விறகு பாய்லரைக் கழற்றி இரும்புக்கடைக்குப் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. அந்த இடத்தில் இப்போது ஒரு மின்சார இயந்திரம் நிற்கிறது. பித்தானை அழுத்தினால் வெந்நீர் வரும். அதற்குத் தீனி வேண்டாம். பாய்லர்காரர் அவர் மகன் வீட்டோடு போய்விட்டார். முதல் வாரம் அவள் பையைத் தேநீர்க் கடைக்காரரிடம் நீட்டிப் பார்த்தாள். ஒரு நாள் எரித்துப் பார்த்தவர், மறுநாள் கும்பிடு போட்டார். "வேணாம்மா. குடிக்க வர்றவங்க எல்லாம் கண்ணைக் கசக்கிட்டுப் போறாங்க. யாரோ செத்துட்ட மாதிரி இருக்கு." அக்கம்பக்கத்தில் எல்லார் வீட்டிலும் காஸ் அடுப்பு. ஆகவே போகிற வழியில் பூங்காவுக்குள் நுழைந்து, தோட்டக்காரர்கள் சருகு குவிக்கும் மூலையில் பையைக் கவிழ்த்துவிட்டு, மேலே இரண்டு கை இலையை அள்ளிப் போட்டு மூடிவிட்டு வேலைக்குப் போவாள். ஏதோ திருட்டுப் பொருளைப் புதைப்பதுபோல இருக்கும். மழையிலும் பனியிலும் கரைந்து மண்ணோடு மண்ணாகிவிடும் என்று நினைத்துக்கொள்வாள்.

கணவரிடம் சொல்லிவிடலாம்தான். சொன்னால் அவர் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார்.

மரம் அறுக்கும் ஆலையில் இருபத்தாறு வருடம் இருந்தவர். மூன்று பேர் புரட்டும் கட்டையைத் தனியாகப் புரட்டுவார் என்பதால் அங்கே அவருக்கு 'யானை' என்று பேர். கல்யாணமான புதிதில் அவளே அவரை அப்படிக் கூப்பிட்டுச் சீண்டியிருக்கிறாள். அத்தனை வருடத்து மரத்தூளும் நெஞ்சுக்குள் போய்ப் படிந்துவிட்டது. ஒரு நாள் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்தவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

"இருக்கற நுரையீரலை வெச்சு நாளை ஓட்டணும்மா" என்றார் டாக்டர். "புகை கூடாது. தூசி கூடாது. வீட்டுல ஊதுவத்திகூட வேணாம்."

"சரியாயிடுமா டாக்டர்?"

"மோசமாகாம பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த சீட்டை எடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அவள் தினமும் பார்த்தது ஒரு முதுகைத்தான். சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்த முதுகு. சோற்றை வைத்தால் சாப்பிடுவார். பேசினால் "ம்" என்பார். "எனக்குன்னு ஒரு வேலையும் இல்லாம சாப்பிடறது தொண்டையில எறங்கல" என்று ஒரே ஒரு தரம் சொன்னார்.

ஆஸ்பத்திரி வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோதான் அவருக்கு அந்த வித்தையைச் சொன்னது. வீட்டுக் குப்பைக் காகிதம், தோட்டத்துச் சருகு, காய்த்தோல், தேயிலைச் சக்கை. ஊறவைத்து, மசித்து, அழுத்திக் காயவைத்தால் விறகு. வீட்டுக்கு வந்ததும் அவர் எழுந்து உட்கார்ந்து ஒரு காகிதத்தில் படம் போட்டார். ஈரத்தில் செய்கிற வேலை, தூசி பறக்காது. எரித்தால்தானே புகை? "நம்ம வீட்டுல எரிக்க வேணாம். உன் கூடத்துல பாய்லர் இருக்கே. அவங்களுக்கு நாலு விறகு மிச்சமாகட்டும். நம்ம வீட்டுலேருந்து போனதா இருக்கும்." அதைச் சொல்லும்போது அவர் முகம் அவள் பக்கம் இருந்தது. அது போதும் என்றிருந்தது அவளுக்கு.

கொல்லையில் நீல நிறப் பீப்பாயில் காகிதம் இரண்டு நாள் ஊறும். உலக்கைக் கட்டையால் இடித்துக் கஞ்சிப் பதத்துக்குக் கொண்டுவருவார். சருகில் முதலில் தண்ணீர் தெளித்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பிசைவார். பக்கவாட்டில் ஆணியால் துளை போட்ட ஒரு குழாய்த்துண்டுதான் அச்சு. பழைய கட்டிலின் நீளச் சட்டத்தை அச்சின் மேல் நெம்புகோலாக்கி, ஒரு முனையைச் சுவர்க் கொக்கியில் மாட்டி, மறுமுனையில் அவரே ஏறி உட்கார்ந்துகொள்வார். துளைகளிலிருந்து தண்ணீர் பிசுபிசுவென்று வடியும். வடிந்து நின்ற பிறகு கட்டியை வெளியே தள்ளித் தகரத்தின் மேல் வைப்பார். வெயிலுக்குத் திருப்பித் திருப்பி வைத்து இரண்டு வாரம்.

ஆலையிலிருந்து பழைய கூட்டாளி ஒருவர் ஒரு மூட்டை மரத்தூள் கொண்டுவந்தார். "இதைச் சேருங்க, சும்மா கல்லு மாதிரி நிக்கும்" என்றார். அவள் மூட்டையை வாசல் தாண்ட விடவில்லை. "அண்ணே, அது ஏற்கெனவே எங்க வீட்டுல நெறைய இருக்கு. இவரு நெஞ்சுக்குள்ள" என்றாள். கணவர் சிரித்தார். சிரித்து, இருமி, ஓய்வதற்குக் கால்மணி நேரம் ஆயிற்று.

சருகு கொண்டுவந்து கொடுப்பது எதிர்வீட்டுக் கண்டக்டர். பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் ஒரு நாளைக்கு இரண்டு தரம் ஊரைச் சுற்றாவிட்டால் அவருக்குக் கால் வலிக்கும். தோளில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து கேட்டில் நிற்பார்.

"ஆனைக்கு எலை கொண்டாந்திருக்கேன். உள்ள விடுங்க."

"ஆனை இப்ப எலி எடைதான் கண்டக்டரே. பாத்துப் போடுங்க, மூடிடப் போகுது" என்பார் கணவர்.

அது உண்மை. முதலில் அவர் சட்டத்தில் உட்கார்ந்தாலே தண்ணீர் கொட்டும். பிறகு மடியில் ஒரு குடம் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு அந்தக் குடத்தைத் தூக்க முடியாமல், அவள் தூக்கி மடியில் வைத்தாள். அவர் உடம்பு எப்படி இருக்கிறது என்று அவள் டாக்டரைக் கேட்பதை விட்டுவிட்டாள். கட்டியைக் கையில் எடுத்தாலே தெரியும். முன்பு விரலால் தட்டினால் பலகைச் சத்தம் கேட்கும். இப்போது ஓரம் உதிர்ந்தது.

அன்று அவளுக்கு வார விடுமுறை. அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். தகரத்தில் காய்கிற கட்டிகளைத் திருப்பிவைக்கப் போனாள். மூன்றாவது கட்டியில் ஏதோ இளஞ்சிவப்பாகத் தெரிந்தது.

மஞ்சள் இருந்தால் அவளுக்கு ஆச்சரியம் இருந்திருக்காது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே போட்டுக்கொடுக்கும் மஞ்சள் உறைகளை அவர் கிழித்துப் போடுவார். அந்தத் தடித்த காகிதம் முழுக்க மசியாமல், எல்லாக் கட்டியிலும் மஞ்சள் புள்ளி இருக்கும். இது வேறு. நகத்தால் நோண்டி எடுத்தாள். சலவைக்கூடத்தில் துணியில் குத்துகிற அடையாளச் சீட்டு. பாதி எண்கூடத் தெரிந்தது.

அந்தச் சீட்டை அவள் வீட்டுக் குப்பையில் போட்டதே கிடையாது. போன மாதம் ஒரு நாள் அவள் பையிலேயே தங்கிவிட்ட ஒரு கட்டுச் சீட்டு, மறுநாள் மழையில் ஊறி வீணாகிவிட்டது. மேற்பார்வையாளர் கண்ணில் படாமல் இருக்க, அதையும் எரிகட்டிகளோடு சேர்த்துப் பூங்கா மூலையில் கவிழ்த்தாள். நன்றாக நினைவிருந்தது. கவிழ்த்து, இலை போட்டு மூடினாள்.

இன்னொரு கட்டியை உடைத்துப் பார்த்தாள். அதிலும் இளஞ்சிவப்பு. இன்னொன்று. அதிலும்.

கேட்டில் சத்தம் கேட்டது. கண்டக்டர் சாக்கோடு நின்றார்.

"ஆனை தூங்குதா தங்கச்சி?"

"அண்ணே, இந்தச் சருகெல்லாம் நீங்க எங்கேருந்து எடுத்துட்டு வர்றீங்க? பள்ளிக்கூடத்து மைதானம்னு நெனச்சிட்டிருந்தேன்."

"அங்க மரத்தை வெட்டிட்டாங்களே. இப்ப ரெண்டு மாசமா பூங்காவுலேருந்துதான்." அவர் கொஞ்சம் நிறுத்தி அவள் கையிலிருந்த உடைந்த கட்டியைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டார். "தெரிஞ்சுபோச்சா?"

"எது?"

"முதல் நாள் எனக்கே புரியல. எலைக்குள்ள கட்டி கட்டியா கெடந்துச்சு. 'இது உங்க சரக்கு மாதிரியே இருக்கே'ன்னு கொண்டாந்து காட்டினேன். கையில வெச்சுப் பாத்துட்டே இருந்தாரு. ரொம்ப நேரம். அப்புறம், 'அடுத்த தடவை அதைத் தனியா பொறுக்கிட்டு வாங்க, ஊறினதுதான், சீக்கிரம் மசியும்'னாரு."

அவள் உடைந்த கட்டியைத் தகரத்தில் திரும்ப வைத்தாள்.

"உன்கிட்ட வாயே திறக்கக் கூடாதுன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு. முப்பது வருஷம் டிக்கெட் இல்லாதவனைப் பிடிச்சிருக்கேன் தங்கச்சி. இப்படி ஒரு கேஸ்ல மாட்டினதில்ல." சாக்கைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். "நான் கிளம்பறேன்."

சாக்கின் வாய் திறந்திருந்தது. மேலே சருகு. அதற்குக் கீழே, நேற்று அவள் கவிழ்த்த நான்கு கட்டிகள்.

அப்படியானால் இரண்டு மாதமாக அவர் புதிதாக எதையும் செய்யவில்லை. அவள் கொண்டுபோய்க் கொட்டுவதை அவர் வாங்கி ஊறவைத்து, அழுத்தி, காயவைத்து, மறுபடி பையில் போட்டுக் கொடுத்திருக்கிறார். கொடுத்துவிட்டு, நேற்று நல்லா எரிஞ்சுதா என்று கேட்டிருக்கிறார்.

மறுநாள் காலை பையைத் தொடாமல் அவர் எதிரில் நின்றாள்.

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. வேண்டாம் என்று ஒரு கெஞ்சல் மட்டும் இருந்தது.

"வேலைக்கு நேரமாச்சு உனக்கு. வந்து சொல்லு" என்றார். பிறகு வழக்கம்போல, "ஓட்டை நேரா இருக்கணும்னு சொல்லிடு."

"சொல்றேன்" என்று பையை எடுத்துக்கொண்டாள்.

வந்தும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

குளிர் ஏறியது. பையில் மூன்று ஆயின. பிறகு இரண்டு. கட்டிகள் நிறம் மாறிக் களிமண் போலாகிவிட்டன. இத்தனை தரம் இடித்தால் காகிதத்தில் நார் எங்கே மிஞ்சும்? மஞ்சளும் இளஞ்சிவப்பும் மசிந்து மசிந்து, ஒரு சாம்பல் நிறத்துக்குள் போய்விட்டன. இப்போது சட்டத்தில் உட்காருவது அவள். அவர் பக்கத்தில் நாற்காலியில் இருந்துகொண்டு, அவள் தோளில் ஒரு கையை வைத்து அழுத்துவார். அந்தக் கைக்கு எடையே இல்லை.

"நீ வெயிட்டு போட்டுட்டே" என்றார் ஒரு நாள். "தண்ணி எப்படி வடியுது பாரு."

"ஆனையோட குடித்தனம் பண்ணா பின்ன எப்படி இருப்பாங்க?"

அன்று சாயங்காலம்தான் அவர் கேட்டார். மூச்சு வாங்கி, ஒவ்வொரு சொல்லாக.

"இத்தனை பண்ணியிருக்கேன். ஒண்ணுகூட எரிஞ்சு நான் பார்த்ததில்ல. கொல்லையில ஒண்ணு வெச்சுக் காட்டறியா? நான் ஜன்னலைச் சாத்திட்டு இந்தப் பக்கம் உக்காந்துக்கறேன். புகை வராது."



ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் போர்வை போர்த்தி அவரை உட்காரவைத்தாள். கதவிடுக்கில் துணி சொருகினாள். கொல்லை நடுவில் மூன்று செங்கல் வைத்து, தகரத்தில் இருந்ததிலேயே காய்ந்ததாக ஒன்றைத் தேடி வைத்தாள். கீழே பத்திரிகைத் தாளைச் சுருட்டிப் பற்றவைத்தாள். தாள் எரிந்து முடிந்தது. கட்டியின் ஓரம் கறுத்தது. அவ்வளவுதான். இன்னொரு தாள். கட்டிக்குள்ளிருந்து 'உஸ்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் ஆவி. மூன்றாவது தாள் எரிந்து அடங்கியபோது தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்புகூட இல்லை.

திரும்பிப் பார்க்காமல் ஒரு நிமிடம் அப்படியே குனிந்திருந்தாள். பிறகு மெல்ல நகர்ந்து, தன் முதுகு கட்டியை ஜன்னலிலிருந்து மறைக்கும்படி நின்றாள். இரண்டு கைகளையும் அந்தக் கறுத்த கட்டிக்கு மேல் நீட்டினாள். குளிர் காய்வதுபோல உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டாள். கன்னத்தில் வைத்துக்கொண்டாள். மறுபடி நீட்டினாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று தெரியவில்லை. காற்றில் தகரம் மட்டும் படபடத்துக்கொண்டிருந்தது.

உள்ளே வந்தபோது அவர் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்." கொஞ்சம் பொறுத்து, "புகையே வரலயே" என்றார்.

அவள் போர்வையை அவர் தோளுக்கு இழுத்துவிட்டாள்.

"நல்லா காஞ்சிருந்தா புகை வராது" என்று அவரே சொன்னார்.

"ஆமா. நீங்க அழுத்தினதாச்சே."

அவர் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டினார். பனிக்கட்டியாக இருந்த அவள் விரல்களைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"கை நல்லா சூடா இருக்கு" என்றார்.

அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு ஏறி இறங்கும் சத்தத்தை அவள் எண்ணாமல் இருக்கப் பார்த்தாள். பிடி தளர்ந்ததும் கையை உருவிக்கொண்டு, இருட்டுவதற்குள் கொல்லைக்குப் போனாள். செங்கற்களின் மேலிருந்த கட்டியை எடுத்தாள். பீப்பாயின் மூடியைத் திறந்து, ஊறுவதற்காக அதை உள்ளே போட்டாள்.