ஜேசுபாதம் கட்டிய டீம்

திருநெல்வேலியில் கால்பந்து ஆட்டத்தில் ஆறு கோல் வாங்கிக்கொண்டு பஞ்சு மில் வேன் தூத்துக்குடிக்குத் திரும்பியது. கோச் ஜேசுபாதம் முன்சீட்டில் பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் இதே மில்லுக்கு சென்டர் ஹாஃப் ஆடியவர். பந்தாடத் தெரிந்தவனைக் கூப்பிட்டு வேலை கொடுக்கிற மில் அது. காலையில் மெஷின், சாயங்காலம் மைதானம். அப்படி வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் இப்போது வயசாகிவிட்டது. புது ஆள் வேண்டும் என்று அவர் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தார்.

மறுநாள் காலையிலேயே மேனேஜர் வன்னியபெருமாள் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்ன வே, பந்தாடப் போனீரா, பிச்சை எடுக்கப் போனீரா? முதலாளி போன்ல காறித் துப்புதாரு."

"ஆளுகளுக்கு வயசாயிட்டு சார். நான் அப்பமே சொன்னேன்."

"அப்பம் சொன்னத விடும். யாரை எடுக்கணுமோ எடும், யாரைக் கழிக்கணுமோ கழியும். கப்பு இங்கன வரணும்."

"கழிக்கிற ஆளுக்கு வேலை?"

"வேலைக்கு என்ன? முழு நேரமும் மெஷின்ல நிப்பான். நான் சொல்லுதேன்லா."

ஜேசுபாதம் அந்தச் சொல்லை நம்பினார். அதே சூட்டோடு சைக்கிளிலும் பஸ்ஸிலும் அலைய ஆரம்பித்தார். பெரியதாழையில் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய்வரும் செபாஸ்டின், கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஆடிக்கொண்டிருந்தான். புதையும் மணலிலேயே அந்த ஓட்டம் ஓடுகிறவனுக்குப் புல்தரையைக் கொடுத்தால் என்ன செய்வான் என்று அவருக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலை பார்த்த அண்ணன் தம்பி இருவரைப் பின்னால் நின்று தடுக்கும் பேக்குக்குப் பிடித்தார். நாசரேத்திலிருந்து சுந்தர்சிங் என்ற நெட்டையனைக் கோல் காக்கும் கோலியாகக் கொண்டுவந்தார்.

நாலு பேர் வரவேண்டும் என்றால் நாலு பேர் போகவேண்டும். மூன்று பேர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். நாலாவது ஆள் காசிலிங்கம். ஜேசுபாதமும் அவனும் ஒரே நாளில் மில்லுக்கு வந்தவர்கள். டீமுக்கு அவன்தான் கோலி.

"ஏலே, ஆறு கோலும் என்னாலயா விழுந்துச்சு?" என்று காசிலிங்கம் கேட்டான்.

"மூணு உன்னால."

"அப்பம் மிச்ச மூணுக்கு யாரை வெளிய அனுப்புத?"

"பேக்குல நின்ன ரெண்டு பேரையும் அனுப்பியாச்சு. உனக்கு முட்டி மடங்க மாட்டேங்குல. உள்ளதத்தான சொல்லுதேன்."

"முட்டிய எங்க வச்சு ஒடிச்சேன்? எங்க வயக்காட்டுலயா? இந்த மில்லுக்குத்தானல ஒடிச்சேன்!"

"கத்தாத. வேலைக்கு ஒண்ணும் வராது. மேனேஜர் வாக்குக் குடுத்திருக்காரு."

காசிலிங்கம் கையுறைகளை அவர் காலடியில் எறிந்துவிட்டுப் போனான். ஜேசுபாதத்துக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆடமுடியாதவன் ஆடமுடியவில்லை என்று ஒத்துக்கொண்டால் என்ன குறைந்துபோகும்? அன்று அவர் பயிற்சியில் புதியவர்களை நாக்குத் தள்ளும்வரை ஓடவிட்டார்.

புது டீம் அடித்து ஆடியது. முதல் ஆட்டத்திலேயே செபாஸ்டின் ரெண்டு கோல் போட்டான். அடுத்த ஆட்டமும் ஜெயம். மாவட்டக் கப்பின் அரையிறுதி தூத்துக்குடியிலேயே என்று முடிவானபோது, மேனேஜர் ஜேசுபாதத்தின் தோளில் கைபோட்டுப் பேசினார்.

அரையிறுதி அன்று மத்தியானம் காசிலிங்கத்தின் மனைவி சுடலைமாடத்தி ஜேசுபாதத்தின் வீட்டுக்கு வந்தாள். அவர் மனைவி கிருபை நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். நீங்க சொல்லித்தான் அவுகள வேலைய விட்டு நிப்பாட்டுனாவளா?"

"என்னது?"

"நாலு பேரையும் காலைல மில் கேட்டுலயே நிறுத்திட்டாவ. பந்துக்குன்னு எடுத்த ஆளு, பந்து இல்லன்னா வேலையும் இல்லன்னு சொன்னாவளாம். கோச்சே வேண்டாம்னுட்டாருன்னு சொன்னாவளாம்."

ஜேசுபாதம் சட்டையைக்கூடச் சரியாகப் பொத்தான் போடாமல் சைக்கிளை எடுத்தார். எமர்ஜென்சிக் காலம். யூனியன் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. மேனேஜரைப் பார்க்க நேராக மைதானத்துக்குப் போனார்.

வன்னியபெருமாள் பந்தலில் நாற்காலிகளை வரிசையாகப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். "முதலாளி துறைமுக ஆபீசர்களைக் கூட்டிட்டு வாராரு. இந்த நேரத்துல இதப் பேச வந்தீராக்கும்?"

"வாக்குக் குடுத்தியளே சார்."

"குடுத்தேன். முதலாளி வேண்டாம்னுட்டாரு. புதுசா நாலு பேருக்குச் சம்பளம் எங்கேருந்து வரும்? கழிச்சது நீரு. நானா கழிச்சேன்?"

அந்தக் கடைசிப் பேச்சுதான் அவரைச் சுட்டது. சட்டையைப் பிடித்துவிடுவோமோ என்று பயந்து இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்த டீமிடம் போய் நடந்ததைச் சொன்னார்.

முதலில் எழுந்தவன் செபாஸ்டின். அவன் கோபம் மேனேஜர்மேல் பாயும் என்று ஜேசுபாதம் எதிர்பார்த்தார். அது அவர்மேல் பாய்ந்தது.

"அப்பம் அவங்க சட்டியத் தட்டிவிட்டுத்தான் எங்களுக்குச் சோறு போட்டியளா மாஸ்டர்? கடல்ல நான் நிம்மதியாத்தான இருந்தேன்? எவன் வயித்தெரிச்சலையும் வாங்கிக் கட்டிக்கவா என்னைக் கூட்டிட்டு வந்திய?"

"எனக்குத் தெரியாதுல."

"தெரிஞ்சுக்கிட்டுல்லா செய்யணும்!"

அவன் சொன்னது நியாயம் என்பதே அவர் எரிச்சலைக் கூட்டியது. ஆறுமுகநேரித் தம்பி மட்டும் மெதுவாக, "ஆடலன்னா நம்ம வேலையும் போயிருமே" என்றான். அண்ணன் அவனை ஒரு முறை முறைத்தான். செபாஸ்டின் கட்டிய பூட்ஸை அவிழ்த்தான்.

எதிர் டீம் மைதானத்தில் இறங்கி நின்றது. ரெஃப்ரி இரண்டு தடவை விசில் ஊதினார். மில் டீம் கோட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தது, வெறுங்காலோடு. சுற்றிலும் நின்ற கூட்டம் ஊளையிட்டது. மேனேஜர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"வே, என்ன கூத்து இது? போலீசைக் கூப்பிடவா? இப்பம் உள்ள காலம் தெரியும்லா?"

"கூப்பிடுங்க. கோல் போஸ்ட்டுல அவங்கள நிப்பாட்டுங்க" என்றார் ஜேசுபாதம். மேனேஜரை விலக்கித் தள்ளிவிட்டுப் பந்தலுக்கு நடந்தார். ஆபீசர்கள் நடுவே மாலையோடு உட்கார்ந்திருந்த முதலாளி முன்னால் போய் நின்றார்.

"முதலாளி, நாலு பேரை டீமை விட்டு எடுத்தது நான். அது ஆட்டத்துக்காக எடுத்தது. வேலைய விட்டு எடுக்க நான் சொல்லல. அவங்க திரும்ப வேலைக்கு வரணும். இல்லன்னா ஒருத்தனும் எந்திரிக்க மாட்டான்."

"நாளைக்கு ஆபீசுக்கு வாரும், பேசலாம்."

"இங்கனயே சொல்லுங்க. ஒரு தடவை ரூமுக்குள்ள வச்சு வாங்குன வாக்கு என்னாச்சுன்னு பாத்துட்டேன்."

ஆபீசர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் குனிந்து, என்ன தகராறு என்று கேட்டார். முதலாளியின் முகம் கறுத்தது. கழுத்து மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நாலு பேரும் வரட்டும். நான்தான் சொல்லுதேன்" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உம்ம முகத்துல நான் இனி முழிக்கக் கூடாது" என்றார்.

அன்றைக்கு மில் டீம் ஆடிய ஆட்டத்தை ஆட்டம் என்று சொல்லமுடியாது. பந்தைப் பகையாளிபோல் உதைத்தார்கள். செபாஸ்டின் அடித்த ஒரே கோலில் வலை பிய்ந்தது. அடித்துவிட்டு அவன் ஜேசுபாதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாலு பேரும் வேலைக்குத் திரும்பினார்கள். ஜேசுபாதத்தின் கோச் பதவி போயிற்று. அவரைப் பஞ்சு உதறும் இடத்தில், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கும்படி போட்டார்கள். டீமை மேனேஜரின் மச்சினன் ஒருவன் எடுத்துக்கொண்டான்.

இறுதி ஆட்டத்துக்குப் போவதில்லை என்றுதான் அவர் கிருபையிடம் சத்தம் போட்டுச் சொன்னார். ஆனால் போனார். கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தபடி, புதுக் கோச் ஆட்களை நிறுத்தியிருந்த லட்சணத்தைக் கண்டு தனியாகத் திட்டிக்கொண்டிருந்தார். செபாஸ்டினைப் போய் ஓரத்தில் தள்ளியிருந்தான் அந்த மடையன்.

பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். காசிலிங்கம். மில் கேட்டில் மூன்று தடவை பார்த்தும் பேசாமல் போனவன்.

"உன் கோலிக்கு இடது பக்கம் விழத் தெரியல" என்றான், மைதானத்தைப் பார்த்தபடி.

"உனக்குத் தெரிஞ்சுதா?"

"உன்னைவிடத் தெரியும்ல."

"தெரிஞ்சவன்தான் ஆறு வாங்குனியாக்கும்!"

"மூணுன்னுதானல நீயே சொன்ன!"

முன்னால் நின்றவர்கள் திரும்பி, சண்டை போடுவதானால் வெளியே போய்ப் போடுங்கள் என்றார்கள். இரண்டு பேரும் சேர்ந்து அவர்கள்மேல் பாய்ந்தார்கள்.